பழைய மோட்டார் வண்டியின் பெற்றோற் பம்பியும் குழாய்களும்

மலைநாட்டில் மரக்கறி விளைவிப்போருக்குப் பயிரைப் பூச்சியினின்றும் நோயினின்றும் காத்தல் பாதி வேலையே. அறுத்த கோவாவும் லீக்ஸும் கரட்டும் வாடுமுன் சந்தையைச் சேர்தல் மறுபாதி. இந்த மறுபாதி பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் வண்டியை நம்பியே இருக்கின்றது.

நோட்டன் பிரிட்ஜ் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையால் பெயர் பெற்ற ஊர். அவ்வணையின் நீர் 1950ஆம் ஆண்டு முதல் லக்ஸபான மின்நிலையத்தை இயக்கி வருகின்றது. 1965இல் விமலசுரேந்திர மின்நிலையமும் இங்கேயே எழுந்தது. மின்சாரத்தால் ஊருக்கு வந்த புகழ் பெரிதாயினும், தேயிலைத் தோட்டங்களின் இடையே மரக்கறி வைப்போருக்கும், அம்பகமுவைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் நெல் விளைப்போருக்கும் நாள்தோறும் வேண்டியவை ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் கினிகத்தேனைக்கும் செல்லும் வீதிகளே. வளைவும் ஏற்றமும் மிகுந்த இவ்வீதிகளில், தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நடுவழியில் நின்றுவிடுமாயின் அன்றைய விளைச்சலின் விலை அவ்விடத்திலேயே பாதியாகும்.

இவ்வாறு நிற்கும் பழைய பெற்றோல் வண்டிகளிற் பலவற்றுக்குக் காரணம் எஞ்சினுக்குப் பெற்றோல் வந்து சேராமையே. அப்பொழுது எல்லாரும் முதலிற் கை வைப்பது பம்பியில். புதிய பம்பி வாங்கிப் பூட்டுகின்றனர். வண்டி சில நாள் ஓடிப் பின்னும் நின்றுவிடுகின்றது. ஏனெனில், பழுது பம்பியிலன்றித் தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள குழாயில் இருந்தது. பம்பியையும் குழாய்களையும் ஒரே வேலையாகக் கருத வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்திக் கூறப்படுவது. ஒழுகும் குழாய் பணத்தை மட்டும் எடுப்பதன்று, வண்டியையும் உயிரையும் எரிக்க வல்லது.

எவ்வகை வண்டிக்கு இது பொருந்தும்?

மலைநாட்டில் இன்றும் மூட்டை சுமக்கும் பழைய லாண்ட் றோவர்களை முதன்மையாகக் கருதியே இவ்விடயம் எழுதப்படுகின்றது. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் வரிசை வண்டிகளிலும், 1971 முதல் 1985 வரை செய்யப்பட்ட மூன்றாம் வரிசை வண்டிகளிலும் பெரும்பாலும் காணப்படும் 2,286 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சினில், எஞ்சினாலேயே இயக்கப்படும் பம்பி ஒன்று எஞ்சின் உடலின் பக்கத்திற் பூட்டப்பட்டிருக்கும். அதன் மேற்புறத்தில் அல்லது அடிப்புறத்தில் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணமும், பக்கத்தில் கையால் அசைக்கும் ஒரு சிறு நெம்பும் உண்டு. ஒஸ்டின் ஏ 30, ஏ 35, ஏ 40 ஆகிய கார்களிலும் இவ்வினத்துப் பம்பியே உள்ளது. மொறிஸ் மைனர் காருக்கோ மின்பம்பி. சாவியைத் திருப்பியவுடன் டிக்டிக் என ஒலிப்பது அதுவே. அதற்கு இங்கே கூறும் பம்பி முறைகள் பொருந்தா, குழாய்களைப் பற்றிய முறைகள் முற்றும் பொருந்தும்.

2020ஆம் ஆண்டில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டில் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியது. ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தவையும் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றோடு ஒரு தீங்கும் வந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த பெற்றோலைக் கிடைத்த கலன்களில் அடைத்து வைத்தோர் பலர். நீரும் துருவும் தூசும் கலந்த அப்பெற்றோல் பல தாங்கிகளின் அடியில் வண்டலை விட்டுச் சென்றது. அந்த வண்டலைக் கழுவாது பூட்டும் புதுப் பம்பிக்கு ஆயுள் குறைவு.

பம்பி வேலை செய்யும் விதம்

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கைப்பம்பியை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. எஞ்சினுள்ளே சுழலும் காம் தண்டில், மையம் விலகிய ஒரு வட்டம் இருக்கின்றது. அது சுழலும்போது பம்பியின் இரும்புக் கையை அசைக்கின்றது. அக்கை, துணியும் றப்பரும் சேர்த்துச் செய்த டயபிரம் என்னும் மெல்லிய தகட்டைக் கீழே இழுக்கின்றது. அவ்வேளை மேலறையில் வெற்றிடம் உண்டாகி, உள்வரும் வால்வு திறந்து தாங்கியின் பெற்றோல் உறிஞ்சப்படுகின்றது. கை தளர்ந்தவுடன் கீழேயுள்ள சுருள்வில் டயபிரத்தை மேலே தள்ள, வெளிச்செல்லும் வால்வு வழியாகப் பெற்றோல் காபரேற்றரை அடைகின்றது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பெற்றோலைத் தள்ளுவது எஞ்சின் அன்று, அந்தச் சுருள்வில்லே. ஆதலால் எஞ்சின் எவ்வளவு விரைவாக ஓடினும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை இறாத்தல் வரையிலேயே நிற்கும். காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிரம்பி ஊசி வால்வு மூடிக்கொண்டால், டயபிரம் கீழேயே தங்கிவிடும். கை மட்டும் வெறுமனே அசையும். பெற்றோல் குறைந்தவுடன் பம்பி தானாகவே மீண்டும் தள்ளத் தொடங்கும். எஞ்சின் நின்றால் பம்பியும் நிற்கும். இவ்வளவு எளிய அறிவுடைய கருவியை மாற்றிவிட்டு மின்பம்பி பூட்ட விரும்புவோரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

நீர்ப்பம்பியின் உறிஞ்சு குழாயில் ஊசி நுழையும் துளை இருந்தாலும் நீர் ஏறாமை கமக்காரர் அனைவரும் கண்டதே. பெற்றோற் பம்பிக்கும் விதி அதுவே. தாங்கியிலிருந்து பம்பி வரையுள்ள குழாயில் வெடிப்பு ஏற்படின் பெற்றோல் வெளியே ஒழுகாமலும் இருக்கலாம். காற்று உள்ளே நுழைந்துவிடும். ஈரமே தெரியாத இடத்தில் பழுது இருப்பதனாற்றான் பம்பியின் மீது வீண்பழி சேர்கின்றது. பம்பியிலிருந்து காபரேற்றர் வரையுள்ள குழாயிலோ அழுத்தம் உண்டு. அங்கே வெடிப்பு ஏற்படின் பெற்றோல் சூடான எஞ்சின் மீது பீறிடும்.

பழுதைக் கண்டறிதல்

பம்பியைக் கழற்றுமுன் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளிழுக்கப்பட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருக்கின்றது. பெற்றோல் வெளியேற வெளியேறத் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, பம்பியின் இழுப்பை அது தடுத்துவிடும். மூடியைக் கழுவித் துளையைத் திறப்பதோடு வேலை முடிந்தது. இதனை அறியாமற் பம்பிக்குப் பணம் செலவிட்டோர் உளர்.

அடுத்துக் கண்ணாடிக் கிண்ணம். பெற்றோல் நீரிலும் இலேசானது. ஆகவே கிண்ணத்தின் அடியில் மணிபோல் உருண்டு நிற்பது நீர், செந்நிறப் பொடி துரு. இரண்டும் காணப்படின் தாங்கியைக் கழுவ வேண்டும் என்பது உறுதி. கிண்ணத்தின் விளிம்பிலுள்ள தக்கை வளையம் காய்ந்து சுருங்கியிருந்தாலும் காற்று நுழையும். வளையம் ஒன்றின் விலை அற்பம். கிண்ணத்தைக் கழற்றும்போதெல்லாம் அதனை மாற்றுதல் நன்று. மெல்லிய கம்பிவலைச் சல்லடையையும் தூய பெற்றோலிற் கழுவுக.

பின்னர், எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும் வேளையில், கொயிலுக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றி நெருப்புப் பொறி எழாதபடி செய்க. காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி அதன் நுனியை ஒரு கண்ணாடிப் போத்தலினுள் வைத்து, வண்டியின் முன்பக்கத்து ஹாண்டிலால் எஞ்சினைச் சுற்றுக. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்பி ஒருமுறை அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் பெற்றோல் தெளிவாகப் பீச்சினால் பம்பியும் குழாயும் நலமே. குறையைக் காபரேற்றரில் தேடுக. குமிழி கலந்து வந்தால் உறிஞ்சு பக்கத்திற் காற்று நுழைகின்றது. சிறிதளவே கசிந்தால் குழாயோ சல்லடையோ அடைபட்டிருக்கும்.

ஒன்றுமே வராதாயின், தாங்கியிலிருந்து வரும் குழாயைப் பம்பியிற் கழற்றி, அவ்வாயைப் பெருவிரலால் மூடிக்கொண்டு கை நெம்பை அசைத்துப் பாருங்கள். விரலைப் பற்றி இழுக்கும் உணர்ச்சி தோன்றிச் சற்று நேரம் நிலைக்க வேண்டும். நிலைத்தால் பம்பி நல்லது, குழாயே கெட்டது. இழுப்பே இல்லையெனில் பம்பி கெட்டது. ஆனால் நெம்பு சிறிதும் பாரமின்றி ஆடினால் உடனே முடிவு கட்ட வேண்டாம். காம் வட்டத்தின் மேடு பம்பியின் கையை ஏற்கெனவே தள்ளியபடி நின்றிருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அசைத்தாற் பாரம் தெரியும்.

எஞ்சின் எண்ணெயின் அளவுக்கோலையும் எடுத்து முகர்ந்து பார்த்தல் வேண்டும். எண்ணெயின் அளவு ஊற்றாமலே ஏறியிருந்து பெற்றோல் வாடை வீசுமாயின், டயபிரம் கிழிந்து பெற்றோல் எஞ்சினுள்ளே வடிகின்றது என்பது பெரிதும் உறுதி. பம்பியின் அடிப்பாகத்திலுள்ள சிறு துளையிற் பெற்றோல் சொட்டுவதும் அதே அறிகுறி. அந்நிலையில் வண்டியை ஒரு மைலும் ஓட்டலாகாது. பெற்றோல் கலந்த எண்ணெய் நீர்த்து, பேரிங்குகளைத் தின்றுவிடும். பம்பியின் செலவோடு போகவேண்டியது எஞ்சினின் செலவாக முடியும். பம்பியை மாற்றிய பின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுதல் கட்டாயம்.

ஏற்றத்தில் மட்டும் நிற்கும் வண்டி

காலையில் ஒழுங்காக ஓடி, வெயிலிற் பாரத்தோடு ஹட்டன் ஏற்றத்தில் நின்று, அரைமணி ஆறியபின் தானே புறப்படும் வண்டிக்குப் பம்பி பழுதென்று கூற இயலாது. சூட்டினாற் குழாயினுள்ளேயே பெற்றோல் ஆவியாகி, அந்த ஆவியைப் பம்பி தள்ள மாட்டாமல் திணறுவதே காரணம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைந்து, எத்திரவமும் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கின்றது. தாழ்நிலத்தில் இக்குறை காட்டாத வண்டி மலையிற் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்விடத்தில் ஈரத்துணி ஒன்றைப் பம்பியின் மீதும் குழாயின் மீதும் போர்த்தி ஆறவிடலாம். நிலையான பரிகாரம், குழாயைப் புகைக்குழாயினின்றும் விலக்கி அமைத்தலும், முன்பு யாரோ கழற்றி எறிந்த வெப்பத் தடுப்புத் தகட்டை மீண்டும் பூட்டுதலுமே. இக்குறைக்காகப் பம்பி வாங்குதல் வீண்.

வேலை தொடங்குமுன்

பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. அது மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் வாய்க்காலிலும் தங்கும். ஆகையால் இவ்வேலையைக் குழியுள்ள கராஜிலோ, லயத்தின் அடுப்பங்கரைக்கு அருகிலோ செய்தல் கூடாது. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்த பின் செய்க. மண்ணெண்ணெய் விளக்கு, பீடி, சுருட்டு யாவும் தொலைவில் இருக்கட்டும். அருகே ஒரு வாளி உலர்ந்த மணலோ, உலர்தூள் தீயணைப்பானோ இருத்தல் வேண்டும். பெற்றோல் தீயின் மீது நீர் ஊற்றினால், நீரின்மேல் மிதந்து தீ பரவும்.

பற்றரியின் கம்பிகளுள் வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்றுக. 1967ஆம் ஆண்டளவுக்கு முன் செய்யப்பட்ட லாண்ட் றோவர்களிற் பெரும்பாலும் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். பிந்தியவற்றில் எதிர்முனை. நிறத்தை நம்பாமல் கம்பி செல்லும் இடத்தைப் பார்த்துக் கழற்றுதல் நலம்.

தாங்கியிலிருந்து பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கின்றது. இது மிகக் கொடியது. ஒரு மிடறு பெற்றோல் சுவாசப்பைக்குட் சென்றாலும் உயிருக்கு மோசம் விளையும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்தலும் தவறு. வாந்தியோடு அது சுவாசப்பைக்குட் செல்லும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தாங்கியின் அடியிலுள்ள வடிகுமிழைக் கழற்றி வடித்தலோ, கையால் அமுக்கும் றப்பர்ப் பம்பியால் எடுத்தலோ போதுமானது.

இன்னொன்று. வெறுமையான பெற்றோல் தாங்கியைக் காட்டிலும் ஆபத்தானது வேறில்லை. உள்ளே தங்கிய ஆவி, நிறைந்த தாங்கியிலும் எளிதில் வெடிக்கும். தாங்கியில் ஓட்டை விழுந்தால் அதனை ஈயப்பற்று வைக்கவோ வெல்டிங் செய்யவோ வீட்டில் முயலவேண்டாம். குறுகிய லாண்ட் றோவரில் அத்தாங்கி சாரதியின் இருக்கைக்கு நேர் கீழே இருக்கின்றது என்பதை மறவாதிருங்கள்.

பம்பியை மாற்றுதல்

இரு குழாய்களையும் கழற்றுமுன் எது உள்வருவது, எது வெளிச்செல்வது என அடையாளம் இடுக. குழாய் இணைப்பிற்கு இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று பம்பியின் பக்கத்தை அசையாமற் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பானரால் முறுக்கினாற் பழைய குழாய் நட்டோடு சேர்ந்து முறுகி ஒடியும். பின்னர் பம்பியைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, பம்பியைச் சற்றுச் சாய்த்து வெளியே எடுக்கலாம். எஞ்சினில் திறந்த துளையைத் தூய துணியால் அடைத்த பின்னரே பழைய காஸ்கட்டைச் சுரண்டுக. சுரண்டிய தூள் உள்ளே விழுந்தால் எண்ணெயோடு சுற்றும்.

புதிய பம்பியைப் பழையதன் அருகே வைத்து ஒப்பிடுவது அவசியம். கையின் நீளமும் வளைவும், போல்ட்டுத் துளைகளின் இடைவெளியும், குழாய் வாய்கள் நோக்கும் திசையும் ஒத்திருத்தல் வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாயிருந்து கை மட்டும் வேறுபட்ட பம்பிகள் கடைகளில் உள்ளன. கை நீண்டதாயின் பூட்டும்போதே ஒடியும், குறுகியதாயின் பெற்றோல் போதாது. காஸ்கட்டின் தடிப்பும் இதனைச் சார்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காஸ்கட் வைப்போர் கை அசையும் தூரத்தைக் குறைத்துவிடுகின்றனர்.

எமது கருத்தில், பழைய பம்பியின் உடல் வெடிப்பின்றி, கை தேயாமல் இருக்குமாயின், மலிவான புதுப் பம்பியிலும் அதனையே டயபிரமும் வால்வும் மாற்றிப் பயன்படுத்துதல் சிறந்தது. பழைய வார்ப்பின் தடிப்பு இன்றைய மலிவுப் பொருள்களில் அரிது. பிரிக்குமுன் இரு பாகங்களுக்கும் குறுக்கே அரத்தாற் கோடிட்டுக் கொள்க. சேர்க்கும்போது அக்கோடு பொருந்தினால் குழாய் வாய்கள் சரியான திசையில் அமையும். சுற்றியுள்ள திருகாணிகளை இறுதியாக இறுக்குமுன், கையை முழுவதும் அழுத்தி டயபிரத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இதனைச் செய்யாவிடில் டயபிரம் முதல் நாளிலேயே இழுபட்டு விளிம்பிற் கிழியத் தொடங்கும். திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக.

டயபிரம் வாங்கும்போது பல ஆண்டு பெட்டியிற் கிடந்த பழைய சரக்கை விரும்புவோர் உண்டு. அது மூலப்பொருளென்று பெருமை பேசப்படும். றப்பர் பெட்டியிலிருந்தும் முதிரும். மேலும், இந்தியாவில் 20 சதவீதம் எதனோல் கலந்த பெற்றோல் 2023ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து 2025ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பரவியது. அத்தகைய பெற்றோலைப் பழைய றப்பர் தாங்காது, ஊதிப் பிசுபிசுக்கும். எதனோலைத் தாங்குமாறு இப்பொழுது செய்யப்படும் டயபிரமே எங்கும் ஏற்றது.

பூட்டும் வேளையில், காம் வட்டத்தின் பள்ளமான பக்கம் பம்பியை நோக்கும்படி எஞ்சினைக் கையாற் சுற்றி நிறுத்தினால், கை எளிதாக அமரும். சுருள்வில்லின் எதிர்ப்போடு போராடி போல்ட்டால் இழுத்து இறுக்க நேர்ந்தால், கை தவறான இடத்தில் நிற்கின்றது என்று பொருள். கழற்றி மீண்டும் வைக்கவும். இரண்டு பக்கத்தையும் மாறி மாறி இறுக்குக. குழாய் நட்டுகளை முதலில் விரலால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிய பின்னரே ஸ்பானர் தொடவேண்டும். மென்மையான வார்ப்பில் மரை பிசகினால் பம்பி பாழ்.

குழாய்கள்

மலைநாட்டு மழையிலும் சேற்றிலும் இரும்புக் குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியும் நீண்ட பகுதியில் அன்று. சட்டத்தோடு அதனைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியிலேயே. அங்கே சேறு தங்கி ஈரம் காயாது. கிளிப்பைக் கழற்றாமற் பார்வையிட்டு, குழாய் நல்லதெனக் கூறுதல் கூடாது. ஓரிடத்தில் துரு தின்றிருந்தால் அவ்விடத்தை வெட்டி றப்பர்த் துண்டு செருகுவது வழக்கமாக உள்ளது. இரண்டு இணைப்பு கூடுகின்றது, காற்று நுழைய இரண்டு வாயில் கூடுகின்றது. முழுக் குழாயையும் மாற்றுவதே முறை.

பழைய குழாயை வளைவு கெடாமல் இறக்கி, அதனையே அச்சாக வைத்துப் புதியதை வளைக்க வேண்டும். விட்டத்தை அளந்தே வாங்குக. இவ்வண்டிகளில் அங்குலத்தின் பதினாறில் ஐந்து பங்கு விட்டமுள்ள குழாய் பெரிதும் காணப்படும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, கையாலும் வளையும், அதிர்வையும் தாங்கும். தனிச் செம்புக் குழாய் கடையில் எளிதிற் கிடைப்பினும், அதிர அதிர இறுகி நாளடைவில் வெடிக்கும் இயல்புடையது. வெட்டிய நுனியின் பிசிறை நீக்கிக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாமற் பூட்டினால், அச்செம்புத் தூளே காபரேற்றரின் ஊசி வால்விற் சென்று உட்காரும். நீர்க்குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவையும் பெற்றோல் இணைப்பிற் சுற்றலாகாது. நாரும் துணுக்குமாகப் பிரிந்து அதே இடத்தை அடைக்கும்.

சட்டம் அசையாதது, எஞ்சின் அசைவது. இவ்விரண்டுக்கும் இடையே மட்டும் றப்பர்க் குழாய் வேண்டும், அதுவும் குட்டையாக. பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட குழாயின் மேல் எஸ்.ஏ.இ. ஜே 30 ஆர் 9 போன்ற தரக்குறி அச்சிடப்பட்டிருக்கும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயும், வைத்தியசாலையில் சேலைன் ஏற்றும் மெல்லிய குழாயும் பெற்றோலுக்காகாதவை. சில வாரங்களில் அவை கண்ணாடிபோல் விறைத்து வெடிக்கின்றன. ஒளி ஊடுருவுவதாற் பெற்றோல் ஓடுவது தெரியும் என்பது நல்ல வாதமன்று. தீயும் நன்கு தெரியும்.

றப்பர்க் குழாய் உலோகக் குழாயின் மேல் ஓர் அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். கட்டுக்கம்பியை முறுக்கி இறுக்கினால் அது றப்பரை அறுக்கும். விளிம்பு மழுங்கிய கிளிப்பையே இடுக. புகைக்குழாய்க்கு அருகிலும், ஸ்டியரிங் அசையும் வழியிலும், சக்கரம் கல்லெறியும் இடத்திலும் குழாய் செல்லாதபடி பார்த்து, ஓர் அடிக்கு ஒன்றாகக் கிளிப் இட்டுச் சட்டத்தோடு பிணைக்குக. கிளிப்பின் உள்ளே சிறு றப்பர்த் துண்டு வைத்தால் துரு தாமதிக்கும்.

தாங்கியை இறக்கி, உள்ளே சிறிது பெற்றோல் ஊற்றிக் குலுக்கி, வண்டல் வராதவரை கழுவுக. கழுவிய அழுக்குப் பெற்றோலை வாய்க்காலிலோ பாத்தி ஓரத்திலோ ஊற்றவேண்டாம். கெஹெல்கமு ஓயாவுக்கு இறங்கும் நீரே கீழுள்ளோர் குடிக்கும் நீர். தாங்கி மிகவும் அழுக்காயிருந்தால் பம்பிக்கு முன் ஒரு சிறு வடிகட்டி வைக்கலாம். ஆயினும் அதுவும் இரண்டு இணைப்பைக் கூட்டுகின்றது. கண்ணாடிக் கிண்ணத்தைத் தவறாது கழுவும் பழக்கமுள்ளவருக்கு அது தேவையில்லை.

மின்பம்பி பூட்டலாமா?

பூட்டலாம். பலர் பூட்டியும் உள்ளனர். ஆனால் இன்றைய மின்பம்பிகள் பல, பழைய காபரேற்றரின் ஊசி வால்வு தாங்கும் அளவினும் மிகுந்த அழுத்தம் தருவன. கிண்ணம் வழிந்து பெற்றோல் எஞ்சின் மீது கொட்டும். அழுத்தத்தைக் குறைக்கும் கருவி ஒன்றும் உடன் பூட்டல் வேண்டும். அதனினும் பெரிய குறை வேறு. வண்டி கவிழ்ந்தோ மோதியோ குழாய் அறுந்து எஞ்சின் நின்றாலும், சாவி திரும்பியிருக்கும் வரை மின்பம்பி பெற்றோலைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். அதனை நிறுத்தும் தனிச் சுவிச்சின்றி மின்பம்பி பூட்டுவது பள்ளத்தாக்கு வீதியிற் செல்வோருக்கு அறிவுடைமை ஆகாது. எஞ்சினோடு நிற்கும் பழைய பம்பி இவ்விடத்துக்கு ஏற்றது என்பதே எமது துணிபு.

வயற்புறத்தாருக்கு ஒரு சொல்

வடக்கிலும் கிழக்கிலும் வயல் உழும் பழைய மாசி பேர்கசன் 35 போன்ற டீசல் உழவு இயந்திரங்களிலும் இத்தகைய டயபிரப் பம்பியும் கை நெம்பும் உண்டு. டீசல் எளிதில் தீப்பற்றாது. ஆனால் அதன் குழாயிற் காற்றுப் புகுந்தால் எஞ்சின் சிறிதும் பொறுக்காது. பம்பியோ குழாயோ மாற்றிய பின், வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கை நெம்பை அசைத்து, டீசல் வழியும்போதே திருகாணியை இறுக்குதல் வேண்டும். உட்செலுத்து பம்பியின் திருகாணிகளிலும் அவ்வாறே.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் பூட்டியபின் பற்றரியை உடனே இணைத்துவிடாமல், முதலிற் கை நெம்பை அசைத்துக் காபரேற்றர் வரை பெற்றோலை நிரப்புக. நிரம்பியவுடன் நெம்பு பாரமிழக்கும். ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதத் துண்டு ஒன்றை வைத்து, ஈரம் படிகின்றதா எனப் பாருங்கள். ஈரமில்லையெனக் கண்டபின் பற்றரியை இணைத்து, எஞ்சினைக் கால்மணி நேரம் நின்றபடியே ஓடவிட்டு, மீண்டும் காகிதத்தால் சோதிக்க. குளிர்ந்த இணைப்பு ஒழுகாமலிருந்து சூடேறியபின் ஒழுகுதலும் உண்டு.

முதல் ஓட்டத்தை மூட்டையின்றி, ஊருக்கு அருகிலுள்ள ஒரு சிறு ஏற்றத்திற் செய்யுங்கள். 50 மைல் ஓடியபின் பம்பியின் நட்டுகளையும் குழாய்க் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்கி, எண்ணெயின் அளவுக்கோலை முகர்ந்து பார்க்க. வெறும் எண்ணெய் வாடையே வீசுமாயின் வண்டியிற் பாரம் ஏற்றலாம். உபரிப் பெற்றோற் கலனையும் பூச்சிமருந்தையும் மரக்கறி மூட்டைகளோடு ஒரே தட்டில் ஏற்றலாகாது. கோவா இலையிற் படிந்த பெற்றோல் வாடையைக் கழுவி நீக்க முடியாது, வாங்குவோர் முதல் மூட்டையிலேயே கண்டுகொள்வர்.

மழைக்காலம் தொடங்கும் மே மாதத்துக்கு முன்னர் ஒருமுறையும், அது ஓய்ந்தபின் ஒருமுறையும் கிண்ணத்தைக் கழுவி, தக்கை வளையத்தை மாற்றி, தாங்கி மூடியின் துளையையும் சட்டத்துக் கிளிப்புகளையும் பார்வையிடுக.